ஒண்ணரை மணி நேரத்துச் சிங்கப்பூர்

சித்தியிடம் தூரத்தைக் கேட்டால் நேரத்தைத்தான் சொல்வாள்.

"சித்தி, விருதுநகர் இங்கேயிருந்து எம்புட்டுத் தூரம்?"

"முக்கா மணி நேரம். சந்தை நாளா இருந்தா அம்பது நிமிஷம்."

"நான் கிலோமீட்டர்ல கேட்டேன் சித்தி."

"கிலோமீட்டரைத் தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற? ரோட்டை அளந்து விக்கப் போறியா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் வாய் கொடுத்தால் நமக்குத்தான் சேதாரம். சொந்தச் சித்தி இல்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தாள். என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவாள், அதனால் எனக்குச் சித்தி. தெருவில் அவளுக்குக் கடியாரம் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. "கடியாரத்தைக் கேட்டுட்டுக் கிளம்புங்கப்பா" என்பார்கள். அது அவள் காதிலும் விழும். கோபப்பட்டதே இல்லை. உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை என்றுகூட நான் நினைக்கிறேன்.

கடியாரம் என்று பெயர் வாங்கினவள் கையில் ஒருநாளும் கடியாரம் கட்டியதில்லை. அவள் வேலை அப்படி. பட்டாசுக் கம்பெனியில் திரி சோதிக்கிற வேலை. கம்பெனிக்குள் செருப்பு ஆகாது, வளையல் ஆகாது, கைக்கடியாரம் ஆகாது. இரும்பு என்று எதுவும் உள்ளே போகக் கூடாது. வெட்டி வருகிற திரியில் கட்டுக்கு ஒன்று உருவி எடுத்துக்கொண்டு, வேலைக் கொட்டகைகளைவிட்டுத் தள்ளி ஒரு வெட்டவெளிக்குப் போவாள். ஊதுபத்தியால் கொளுத்துவாள். வாய்க்குள் எண்ணுவாள். அஞ்சு எண்ணுவதற்குள் திரி எரிந்து முடிந்துவிட்டால் அந்தக் கட்டு முழுக்கக் கழிவு. எந்தக் கணக்குப்பிள்ளை வந்து கெஞ்சினாலும், எவ்வளவு பெரிய தீபாவளி சீசனாக இருந்தாலும், கழிவு கழிவுதான்.

"பத்த வச்ச பிள்ளை ஓடித் தப்பணும்ல? அந்த அஞ்சு எண்ணந்தான் அவன் ஓடுற தூரம். நாலு எண்ணத்துல வெடிச்சா உன் கிலோமீட்டர் வந்து காப்பாத்துமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

இருபத்தஞ்சு, முப்பது வருஷம் இப்படி எண்ணி எண்ணி அவளுக்குள்ளேயே ஒரு கடியாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுப்பில் பால் வைத்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து கதை பேசுவாள். பேச்சுக்கு நடுவில் சட்டென்று எழுந்து போவாள். போய்ச் சேரவும் பால் பொங்கவும் சரியாக இருக்கும். எதிர்வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்து வீடே அல்லோலகல்லோலப்பட்டபோது, அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எண்ணினாள். பிறகு, "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம். எல்லாரும் காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள். பிறந்தது ஆண் பிள்ளை. ரெண்டு மணி நேரம் அஞ்சு நிமிஷத்தில். அந்த அஞ்சு நிமிஷத்தை நர்சு தாமதமாகக் குறித்திருப்பாள் என்பது சித்தியின் கட்சி.

இதெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அவள் நேரத்தைப் பிடித்துத் தொங்கியதற்குச் சிரிக்க முடியாத ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுடைய அம்மா இறந்துபோனார். சேதி வந்ததும் கிளம்பியிருக்கிறாள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த பஸ் பிடித்து ஓடிப் போய் இறங்கினால், வாசல் கழுவிவிட்டிருந்ததாம்.

"ஈரத்தைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. அரை மணி நேரம், தாயி. வெறும் அரை மணி நேரம். எங்கம்மா மொகத்தை நான் பாக்கலை" என்று சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

அதிலிருந்து அவள் வீட்டில் ஒரு சட்டம். அவள் பெற்ற பிள்ளைகள் யாரும் ஒரு பகல் தூரத்துக்கு மேல் போகக் கூடாது. சேதி கேட்டுக் கிளம்பினால் பொழுது அடைவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். மகளுக்குக் கோயம்புத்தூரில் நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை. சித்தி பஸ்களை எண்ணிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டாள். கடைசியில் மல்லாங்கிணற்றில் கொடுத்தாள். மானாவாரி நிலம், வானம் பார்த்த பிழைப்பு. "இருக்கட்டும். ஒண்ணரை மணி நேரம். ரெண்டு பஸ். எனக்கு ஒண்ணுன்னா எம்மக வந்துருவா" என்றாள்.

மகன் அவளுக்கு ரெண்டாவது. எனக்குத் தம்பி முறை. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்திருந்தான். ஊரில் இருந்தால் பட்டாசு, இல்லையென்றால் தீப்பெட்டி, அதுவும் இல்லையென்றால் அப்பா மாதிரி லாரியில் லோடு ஏற்றுவது. மூன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வருஷத்தில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எப்படியோ தேர்வாகியும்விட்டான். அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

நான் அப்போது சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் சேர்ந்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது. பி.காம். முடித்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள், குளிர்சாதன அறையில் உட்காருகிறவள். தலைகால் புரியாத கர்வம். தெருவில் நடந்தால் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற வயசு. தம்பி ஆபீசுக்கே வந்து நின்றான்.

"அக்கா, நீங்க சொன்னா அம்மா கேப்பாக. எப்படியாச்சும் சொல்லுங்கக்கா."

"கூட்டிட்டு வாடா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். என்னவோ சிங்கப்பூரே என் கைக்குள் இருக்கிற மாதிரி.

மறுநாள், வழியிலேயே விஷயத்தைச் சொல்லி, சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டியிருந்தாள். ஆபீஸ் தரை பளபளவென்று இருந்ததைப் பார்த்துச் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கேட்டது ஒரே கேள்வி.

"சிங்கப்பூர் எம்புட்டு நேரம்?"

நான் திரையைப் பார்த்தேன். திருச்சியில் காலை பதினொன்றரைக்கு விமானம் கிளம்புகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சிங்கப்பூர். கழித்தேன். "ஆறரை மணி நேரம் சித்தி."

"வர்றதுக்கு?"

சிங்கப்பூரில் காலை ஒன்பது. திருச்சியில் பத்தரை. அதையும் கழித்தேன். வந்த விடையைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. ஆனாலும் கம்ப்யூட்டர் சொல்கிறதே. "வர்றதுக்கு ஒண்ணரை மணி நேரந்தான்" என்றேன்.

சித்தி என்னையே பார்த்தாள். "போறதுக்கு ஆறரை, வர்றதுக்கு ஒண்ணரையா? அதெப்படிப் புள்ள? ஒரே ரோடுதான?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. அந்த ஊரில் கடியாரம் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். முதலாளி பின்னால்தான் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் பாஸ்போர்ட்டுக்கு வந்த ரெண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். தம்பி வேறு கண்ணாலேயே கெஞ்சுகிறான்.

"காத்து சித்தி. போகும்போது எதிர்க்காத்து. வரும்போது காத்தே தள்ளிக்கிட்டு வந்துரும். ஆடி மாசத்துல சைக்கிள் மிதிக்கிறதில்லையா, அந்த மாதிரி."

"ஆடி மாசம் மேகாத்துல்ல அடிக்கும்? மேற்கேயிருந்து கெளக்க. சிங்கப்பூர் கெளக்கதான இருக்கு? அப்போ போறதுதான சுளுவா இருக்கணும்?"

பாருங்கள், விட மாட்டாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"அது கீழ அடிக்கிற காத்து சித்தி. மேல காத்து வேற" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். படித்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள் என்கிற தொனி அதில் இருந்தது.

சித்தி அடங்கிவிட்டாள். வாய்க்குள் என்னமோ எண்ணினாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "போறதுக்கு எம்புட்டு ஆனா என்ன? வர்றதுதான் முக்கியம். ஒண்ணரை மணி நேரம். மல்லாங்கிணறு தூரந்தான்" என்றாள். திருச்சியிலிருந்து காரில் நாலு மணி நேரத்தைக் கூட்டி, "பொழுது அடையுறதுக்குள்ள வந்துருவான்" என்று தலையை ஆட்டினாள். தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

உண்மை என்னவென்றால், போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர். அந்த உண்மையைச் சொல்லியிருந்தாலும் சித்தி அவனை அனுப்பியிருப்பாள். விமானம் நாலு, கார் நாலு, ஆக எட்டு, அதுவும் ஒரு பகலுக்குள்தானே அடங்குகிறது? நான் சொன்ன பொய்க்கு ஒரு அவசியமும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அவன் போன பிறகு தெரு முழுக்க இதே பேச்சு. "எம்மவன் சிங்கப்பூர்ல இருக்கான். வர்றதுக்கு ஒண்ணரை மணி நேரந்தான்" என்று கம்பெனியில், பஸ்ஸில், தண்ணீர்க் குழாயடியில் எல்லாரிடமும் சொல்வாள். மதுரைக்குக் கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பார்த்து, "உனக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது, எம்மவன் அதுக்கு முன்ன வந்துருவான்" என்று வம்பு இழுப்பாள்.

அம்மாவும் மகனும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லையா என்று கேட்பீர்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போன் பண்ணுவான். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். போன் கார்டு தீர்வதற்குள் பேசி முடிக்க வேண்டும். சாப்பிட்டியா, மழை பெஞ்சுச்சா, அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கு, அவ்வளவுதான் முடியும். அதையும் சித்தி எண்ணிக்கொண்டுதான் பேசுவாள்.

ஒரு நாள் அந்தப் பலசரக்குக் கடையில் நான் சோப்பு வாங்க நின்றேன். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய மகளும் சிங்கப்பூரில்தான். அவரே ஒருமுறை போய் வந்தவர். சித்தியின் ஒண்ணரை மணி நேரத்தைக் கேட்டுவிட்டு, "இல்லம்மா, வர்றதுக்கும் நாலு மணி நேரம் ஆகும். நான் போயிட்டு வந்தவன்" என்றார்.

"நீங்க தூங்கிப் போயிருப்பீக. அதான் நேரம் தெரியலை" என்றாள் சித்தி. கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விடவில்லை. என் தோளைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இந்தா, எங்க புள்ள. டிராவல்ஸ்ல இருக்கு. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்ன புள்ள. இது சொன்னா சொன்னதுதான்."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சோப்பைப் பார்த்தேன்.

மறுநாள் ஆபீசில் முதலாளியிடம் யாரோ கேட்ட மாதிரி மெல்லக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, அந்த ஊர்ல விடியுறதே நமக்கு முன்னாடி. கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முந்தி. இது தெரியாமலா இத்தனை நாள் இங்கன உக்காந்திருக்க?" என்றார். காது மடல் வரை எரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தியிடம் சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் பஸ் ஏறினேன். வீட்டு வாசலிலேயே சித்தி நின்றாள். தம்பி ஆள் மூலம் கொடுத்தனுப்பிய சாக்லேட் பெட்டியில் பாதியை எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். "உன்னாலதான் புள்ள அவன் ஒரு எடத்துல நிக்கிறான்" என்றாள். அந்தச் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு என்பது நாளை மறுநாள் ஆகி, அடுத்த வாரம் ஆகி, பிறகு மறந்தே போனது. மறந்தது என்பதும் பொய். ஒவ்வொரு தடவை அவள் "ஒண்ணரை மணி நேரம்" என்று சொல்லும்போதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். இதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பங்குனி மாதம். ஒரு நாள் சாயங்காலம் லோடு ஏற்றிவிட்டு வந்த சித்தப்பா, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகக்கூட விடவில்லை. உடனே தம்பிக்குப் போன் போட்டார்கள். மறுநாள் காலை விமானத்தில் இடமில்லை, அதற்கடுத்த விமானத்தில் வருகிறேன் என்று அழுதுகொண்டே சொன்னான். மகன் வந்ததும் எடுத்துக் கொள்ளி வைப்பது, எப்படியும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. நானும் சித்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனேன்.

"அம்மா, விமானத்துல ஏறிட்டேன். இன்னும் பத்து நிமிஷத்துல கிளம்பிரும்."

"சரிய்யா. வை, வை. பத்திரமா வா" என்று சொல்லி சித்தியே போனை வைத்துவிட்டாள். எத்தனை மணிக்கு வந்து சேருவாய் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லையே. தெருவில் சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் கடை திறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். இந்தப் போனுக்காகவே பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்த கடைக்காரர், கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு எங்களோடு இழவு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் பந்தலுக்குள் சித்தப்பாவின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லாரும் பெரியப்பா என்போம். அவர்தான் கேட்டார். "என்ன சொல்லுறான்? நேரமாகும்னா விருதுநகர்ல இருந்து ஐஸ் பெட்டி சொல்லிருவோம். நாளைக்குக் காலையில எடுத்துக்கிடலாம். வெயில் இந்தப் போடு போடுது."

அழுது வீங்கிய முகத்தோடு சித்தி அந்த நிலைமையிலும் கணக்குச் சொன்னாள். "பத்து மணிக்கு ஏறிட்டான். ஒண்ணரை மணி நேரம். பதினொண்ணரைக்குத் திருச்சி. வெளிய வர அரை மணி நேரம். கார்ல நாலு மணி நேரம். நாலு மணிக்கு வாசல்ல நிப்பான். ஐஸ் பெட்டி எதுக்கு?"

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். பத்தோடு நாலு. ரெண்டு மணிக்குத்தான் திருச்சியில் இறங்குவான். வெளியே வர மூணு. இங்கே வந்து சேர ஏழு. பெரியப்பா பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"பெரியப்பா, எதுக்கும் ஐஸ் பெட்டி சொல்லிருவோம். கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் ஆகும்."

"எம்புட்டு ஆகும்ங்கிற?"

ரெண்டரை மணி நேரம், முழுசாக மூணு மணி நேரம் என்று சொல்ல வாய் வந்தது. உனக்கெப்படித் தெரியும், முன்னே ஏன் சொல்லவில்லை, நீதானே ஒண்ணரை என்று சொன்னாய் என்று பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்க்குமே. அந்தப் பயம். "கொஞ்சம்" என்றேன் மறுபடியும்.

"உங்க சித்தி சொன்ன நேரம் என்னைக்குத்தா தப்பியிருக்கு?" என்று சொல்லி அவர் துண்டால் விசிறிக்கொண்டார். நான் திரும்பிப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தேன்.

மூன்றரைக்கே குளிப்பாட்டித் தயார் செய்துவிட்டார்கள். நாலு மணி ஆனது. சித்தி எழுந்து தெருமுனைக்குப் போனாள். நாலே கால். நாலரை. ஒரு கார் வந்தது, கம்பெனிக்காரர்களுடைய மாலை. சித்தியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பெரியப்பாவிடம், "பஸ் ஸ்டாண்டுகிட்டக் கூட்டமா இருக்கும்" என்றாள். மறுபடியும் முனைக்குப் போனாள். அஞ்சு மணிக்கு என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏ புள்ள. ஒண்ணரை மணி நேரத்துல வர்ற விமானம். எனக்குப் பயமா இருக்கு தாயி. அதுக்கு ஏதும் ஆகிப் போச்சா? கடல்ல கிடல்ல..."

புருஷன் உள்ளே கிடக்கிறார். மகனும் போய்விட்டானோ என்று என்னிடம் கேட்கிறாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா நான்? 'அது நாலு மணி நேரம் சித்தி, நான்தான் தப்பாகச் சொன்னேன், ஏழு மணிக்கு வந்துவிடுவான்' என்று நாலு வார்த்தை. சொல்லவில்லை. "அப்படியெல்லாம் இல்ல சித்தி, வந்துருவான்" என்று மட்டும் சொன்னேன். அந்த வார்த்தையில் அவளுக்கு என்ன தைரியம் வந்திருக்கும்?

அஞ்சே காலுக்குப் பெரியப்பா வந்தார். முந்தின நாள் வரை மூட்டை தூக்கிய உடம்பு, பங்குனி வெயிலில் ஒரு முழு நாள் கிடந்துவிட்டது. வாசனையை மறைக்க ஊதுபத்தி மேல் ஊதுபத்தியாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். "ஏத்தா, இதுக்கு மேல வைக்க முடியாது. அவன் விமானத்தை விட்டுட்டானோ என்னவோ. எம்மவன் கொள்ளி வைக்கட்டும்" என்றார்.

சித்தி எரிகிற ஊதுபத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுங்க" என்றாள்.

ஏழு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கார் வந்து நின்றது. தம்பி இறங்கினான். வாசல் கழுவிவிட்டிருந்தது. ஈரத்தின் மேல் செருப்பில்லாமல் நின்றான். பையைப் போட்டுவிட்டுச் சுடுகாட்டைப் பார்த்து ஓடினான். ஆண்கள் பின்னால் ஓடினார்கள். அவன் திரும்பி வந்து, "மொகத்தைப் பாக்கலையேம்மா, ஒரு தடவை மொகத்தைப் பாக்கலையே" என்று அவள் மடியில் விழுந்து கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "திருச்சியில இறங்குனதும் கடைக்கு மூணு தடவை போன் அடிச்சேன். யாருமே எடுக்கலை" என்றான்.

சித்தி அவன் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். அழுகை ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"விமானம் எம்புட்டு நேரம்யா வந்துச்சு?"

"எப்பவும் போல நாலு மணி நேரந்தாம்மா."

"போகும்போது?"

"அதுவும் நாலுதான்."

கோதிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்துவிடுவாளோ என்று நான் சுவரோடு ஒட்டி நின்றதுதான் மிச்சம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தம்பி கிளம்பிப் போன மறுநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். போனேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் போனேன். சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு என்னையக் கண்டா ஒளியுற? நீ வேணும்னா சொன்ன? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும் தாயி. இத்தனை வருசமா திரி கொளுத்துறேன். இந்த முனையில பத்த வச்சாலும் அந்த முனையில பத்த வச்சாலும் ஒரே நேரந்தான எரியும்? உங்கிட்டக் கேக்கவும் செஞ்சேன். கேட்டுட்டு விட்டுட்டேன் பாரு." சுளகைக் கீழே வைத்தாள். "நீ சின்னப் புள்ள. தெரியாம சொன்னதுக்கு நீ என்ன செய்வ? உனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்குச் சொல்லியிருக்க மாட்டியா?"

"ஆமா சித்தி" என்றேன்.

அந்த ஆமாதான் நான் அவளிடம் கடைசியாகச் சொன்ன பொய்.

அதன் பிறகு சித்தி யாருக்கும் நேரம் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் யாராவது வழக்கம்போல, "கடியாரத்தம்மா, மதுரைக்கு எம்புட்டு நேரம்?" என்று கேட்டால், "தெரியலையே தாயி, பஸ்காரரைக் கேளு" என்பாள். திரி சோதிக்கிற வேலையையும் விட்டுவிட்டாள். எண்ணிக்கை நடுவில் விட்டுப் போகிறது என்று போர்மேனிடம் சொன்னாளாம். ஒரு வருஷம் போல தீப்பெட்டி ஒட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, விஸ்வநத்தத்திலேயேதான் இருக்கிறேன். மல்லாங்கிணற்றிலிருந்து யார் வந்தாலும் சித்தி என்னைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். கண் சரியாகத் தெரியவில்லையாம். போன பொங்கலுக்கு அவள் மகள் வந்தபோது, "அம்மா உங்களை ஒரு தடவை பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காக. ஒரு நாளைக்கு வாங்களேன்க்கா" என்றாள். வருகிறேன் என்றேன். போனால் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் காலை பத்து மணிக்கே எனக்குத் தெரியும் சித்தி என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கேயிருந்து மல்லாங்கிணறு ஒண்ணரை மணி நேரம். ரெண்டு பஸ். நான் இன்னும் கிளம்பவில்லை.